பத்து சென்டிமீட்டர் பாதை

"ஒன்றேகால் மீட்டர் உயரம்தானே? அதில் நடப்பதற்கு இவ்வளவு பயமா?"

ஓர் இரவு உணவு மேசையில் என் மகளிடம் நான் கேட்ட கேள்வி இது. கேட்டபோது ஊக்கமூட்டும் சொற்களாகத்தான் எனக்குத் தோன்றின.

என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். சீருடற்பயிற்சி அவளுடைய இணைப்பாட நடவடிக்கை. மூன்று வாரங்களுக்கு முன்பு, சமநிலைக் கட்டையின்மீது திரும்பும்போது கால் வழுக்கிக் கீழே விழுந்தாள். எலும்புக்கு ஒன்றும் நேரவில்லை. முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்திருந்த காயமும் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால், அவள் மறுபடியும் கட்டையில் ஏறவில்லை. மற்றப் பயிற்சிகள் அனைத்தையும் செய்தாள். கட்டையில் ஏறும் முறை வரும்போது மட்டும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். அவளே சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

என் கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு அறைக்குள் சென்று, காகித ஒட்டுநாடாவையும் அளவுகோலையும் எடுத்து வந்தாள். வரவேற்பறைத் தரையில் இரண்டு நாடாக்களை அருகருகே ஒட்டத் தொடங்கினாள். சோபாவுக்கு அருகே தொடங்கிய அந்தக் கோடு, சமையலறை வாசலில் போய் முடிந்தது.

"அகலம் 10 சென்டிமீட்டர். நீளம் 5 மீட்டர். உண்மையான கட்டையின் அளவு இதுதான். நடங்கள், அம்மா" என்றாள்.

நான் நடந்தேன். திரும்பியும் நடந்து வந்தேன். "பார்த்தாயா?" என்று சிரித்தேன்.

"இதே கோடு உங்கள் நெஞ்சு உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இப்போது நடங்கள்."

நான் மீண்டும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தன் அறைக்குச் சென்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். படீரென்று சாத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

அந்த வாரமே, பெரியவர்களுக்கான தொடக்கநிலைச் சீருடற்பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். மகளுக்கு வழிகாட்டுவதற்காகச் சேர்ந்தேன் என்று சொன்னால் அது பொய். "பார், நாற்பது வயதைத் தாண்டிய நானே நடந்துவிட்டேன்" என்று அவளிடம் சொல்லத்தான் சேர்ந்தேன்.

பாடநூல் எழுதுவது என் தொழில். எதைத் தொடங்கினாலும் அதைப் பற்றி முதலில் படித்துவிடுவது என் பழக்கம். முதல் வகுப்புக்கு முந்திய இரவு நிறையப் படித்தேன். 1952ஆம் ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான சமநிலைக் கட்டை தனிப் போட்டியாக இடம்பெற்றது. முற்காலத்தில் கட்டை வெறும் மரமாகவே இருந்தது. இப்போது அதன்மேல் கால் வழுக்காதிருக்க மெல்லிய உறை போர்த்தப்படுகிறது. 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில், ருமேனியாவைச் சேர்ந்த 14 வயது நாடியா கோமனேச்சி இந்தக் கட்டையில் தங்கம் வென்றார். நம் சிங்கப்பூரின் லிம் ஹீம் வெய், 2010இல் தில்லியில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளில் இதே கட்டையில் வெள்ளி வென்றார். இவ்வளவும் தெரிந்துகொண்ட மனநிறைவோடு உறங்கினேன். மறுநாள்தான் புரிந்தது, படித்தவற்றில் ஒன்றுகூட என் கால்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று.

சனிக்கிழமை காலை வகுப்பில் நாங்கள் பத்துப் பேர். பெரும்பாலோர் இருபது வயதுகளில் இருந்தனர். பயிற்றுவிப்பாளரும் ஓர் இளம்பெண்தான். கட்டையில் ஏறச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவரோ, "இன்று விழக் கற்றுக்கொள்வோம்" என்றார்.

எனக்கு வியப்பாக இருந்தது. விழுவதையும் கற்க வேண்டுமா? ஆம், கற்கத்தான் வேண்டும். விழும்போது நம் கைகள் தாமாகவே பின்னால் சென்று தரையில் ஊன்றப் பார்க்கும். உடலின் எடை முழுவதும் அந்த மணிக்கட்டில் இறங்கினால் எலும்பு முறியலாம். ஆகவே, தடுமாறும்போது கட்டையைப் பிடிக்கத் துடிக்காமல், அதைவிட்டு விலகிக் குதிக்க வேண்டும். இரு பாதங்களும் ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும். முழங்கால்கள் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போதும் நிலைகொள்ளாவிட்டால், கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு மெத்தையில் உருள வேண்டும். அன்று நான் இருபது முறைக்குமேல் வேண்டுமென்றே விழுந்தேன். கடைசி முறை விழுந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த இரண்டு வாரங்கள் தரையோடு தரையாகக் கிடந்த கட்டையில் நடந்தோம். அதன் பிறகு, ஓர் அடி உயரமுள்ள தாழ்ந்த கட்டைக்கு மாறினோம். முப்பது சென்டிமீட்டர், படிக்கட்டின் இரண்டு படி உயரம்கூட இல்லை. அதில் ஏறி நின்றதும் என் முழங்கால்கள் நடுங்கின. வீட்டில் கோட்டின்மேல் அலட்சியமாக நடந்த அதே பாதங்கள், இப்போது அடுத்த அடி வைக்க மறுத்தன.

நான் செய்த முதல் தவறு, கால்களைப் பார்த்தது. "பாதத்தைப் பார்க்காதீர்கள். கட்டையின் மறுமுனையைப் பாருங்கள்" என்று பயிற்றுவிப்பாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். பார்க்காமல் எப்படிக் கால் வைப்பது? அதற்கும் ஒரு வழி இருந்தது. முன்னே எடுத்து வைக்கும் பாதத்தை, முதலில் கட்டையின் பக்கவாட்டில் மெல்ல உரசியபடி கொண்டுபோக வேண்டும். கட்டை எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணுக்குப் பதிலாகப் பாதமே தெரிந்துகொள்ளும். பிறகு, கால்விரல்களைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி, மேலே வைத்து, எடையை மெதுவாக அந்தக் காலுக்கு மாற்ற வேண்டும். அந்த எடை முழுமையாக மாறிய பிறகுதான் பின்கால் கட்டையைவிட்டு எழ வேண்டும்.

இரண்டாவது தவறு, தடுமாறும்போது நிமிர்ந்து விறைத்து நின்றது. ஆட்டம் கண்டால் விறைக்கக்கூடாது. முழங்கால்களைச் சற்று மடக்கித் தாழ வேண்டும். நம் உடலின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அது எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, அவ்வளவு எளிதில் உடலை மீண்டும் நேராக்கலாம். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொள்வதும் அழகுக்காக மட்டுமன்று. நீட்டிய கைகளோடு இருக்கும் உடல் ஒரு பக்கமாகச் சாய்வதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். கயிற்றின்மேல் நடப்பவர்கள் நீண்ட கழியை ஏந்துவதும் இதற்காகத்தான். கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். ஆனால், பிழையைத் திருத்திக்கொள்ள அதுவே போதும்.

ஒருநாள் கண்களை மூடிக்கொண்டு கட்டையின்மேல் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். மூன்று விநாடிகூட என்னால் நிற்க முடியவில்லை. நாம் நிலையாக நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. முதலாவது கண். இரண்டாவது உட்செவி, தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அது உணர்த்துகிறது. மூன்றாவது பாதங்களும் மூட்டுகளும் தசைகளும். உடலின் எடை எங்கே இருக்கிறது என்பதை அவை தெரிவிக்கின்றன. இத்தனை ஆண்டுகளாக நான் கண்களை மட்டுமே நம்பி நடந்திருக்கிறேன் போலும். என் பாதங்கள் பேசுவதைக் கேட்க எனக்கு ஆறு வாரங்கள் ஆயின.

அந்த ஆறு வாரங்களில் வீட்டிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. சனிக்கிழமை மதியம் நான் வீடு திரும்பியதும், மகள் தன் அறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். தொடக்கத்தில், "விழுந்தீர்களா?" என்று மட்டும் கேட்பாள். பிறகு, "கைகளை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டாள். ஒருநாள், நான் கோட்டின்மேல் நடந்து காட்டியபோது, "இடுப்பு பின்னால் போகிறது, அம்மா. வயிற்றை உள்ளே இழுங்கள்" என்று திருத்தினாள். அவள் சொன்னதைச் செய்தேன். உடல் உடனே நேரானது.

ஏழாவது வாரம் உயரமான கட்டையின் முறை வந்தது. மேலே ஏறி, கால்களை இருபுறமும் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். அடுத்து, கைகளை ஊன்றி எழுந்து நிற்க வேண்டும். கீழே பார்த்தேன். எனக்கு நன்கு தெரிந்த மெத்தைதான். அதில் எத்தனையோ முறை விழுந்திருக்கிறேன். ஆனால், அன்று அது எங்கோ ஆழத்தில் கிடப்பதுபோல் தெரிந்தது. உள்ளங்கைகள் வியர்த்தன. எழுந்து நிற்க முயன்றேன், உடல் அசையவில்லை. பின்னால் ஒரு மாணவி, "ஒன்றுமில்லை, சும்மா நில்லுங்கள், பயப்படாதீர்கள்" என்றாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள். ஆனால், அந்தச் சொல் என் காதில் விழுந்ததும் பயம் போகவில்லை. அதனுடன் வெட்கமும் சேர்ந்துகொண்டது. கட்டையிலிருந்து அப்படியே வழுக்கி இறங்கிவிட்டேன்.

பயிற்றுவிப்பாளர் என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. மூலையில் இருந்த தடித்த மெத்தைகளை இழுத்து வந்து, கட்டையின் இரு பக்கங்களிலும் அடுக்கினார். மெத்தைகள் கட்டைக்குச் சற்றுக் கீழே வரை உயர்ந்தன. "இப்போது ஏறுங்கள். அடுத்த வாரம் ஒரு மெத்தையை எடுத்துவிடுவோம்" என்றார். நான் ஏறி நின்றேன். நான்கு அடிகளும் நடந்தேன். கட்டை ஒரு விரற்கடை அளவுகூடக் கீழே இறங்கவில்லை. தரைதான் எனக்காக மேலே வந்திருந்தது.

அன்று வீடு திரும்பியதும் மகளிடம் உண்மையைச் சொன்னேன். "என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. பயமாக இருந்தது."

அவள் வெகுநேரம் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கால் உங்களுடையது இல்லை என்பதுபோல் இருந்ததா?"

"அப்படித்தான் இருந்தது."

"எனக்கும் அப்படித்தான் இருந்தது, அம்மா. விழுந்ததுகூட அவ்வளவு வலிக்கவில்லை. 'இதற்கு இவ்வளவு பயமா' என்று நீங்கள் கேட்டீர்களே, அதன் பிறகு என் பயத்தைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்."

பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அன்று அவள் சத்தமில்லாமல் கதவைச் சாத்தியது நினைவுக்கு வந்தது. "நான் அப்படிக் கேட்டது தவறு, கண்ணு. மன்னித்துக்கொள்" என்றேன். இதைச் சொல்வதற்கும் கட்டையின்மேல் எழுந்து நிற்பதற்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை.

அன்று நாங்கள் வெகுநேரம் பேசினோம். அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸைப் பற்றி அவள் சொன்னாள். 2021இல் தோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கில், காற்றில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வையே அவர் இழந்தார். ஆகவே, குழுப் போட்டியின் பாதியிலேயே விலகிக்கொண்டார்; வேறு சில இறுதிச் சுற்றுகளிலிருந்தும் விலகினார். ஒரு வாரம் கழித்துச் சமநிலைக் கட்டைப் போட்டிக்கு மட்டும் திரும்பினார். வழக்கமாகச் செய்யும் கடினமான இறக்கத்தைவிட்டு, உடலை முறுக்கத் தேவையில்லாத எளிய இறக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். அன்று அவருக்கு வெண்கலம் கிடைத்தது.

"அவரே எளிதானதைத் தேர்ந்தெடுத்தார், அம்மா" என்றாள் மகள். அவள் யாருக்காக அதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு பாடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நானே எழுதிய பாடம் அது. 'பின்வரும் எளிய பயிற்சியைச் செய்க' என்று ஒரு வரி இருந்தது. யாருக்கு எளிது? தமிழை வீட்டில் பேசாத ஒரு மாணவருக்கு, வகுப்பின் முன்னால் எழுந்து நின்று இரண்டு வாக்கியங்கள் பேசுவதும் ஒன்றேகால் மீட்டர் உயரமாக இருக்கலாம். 'எளிய' என்ற சொல்லை அழித்தேன். அந்தப் பயிற்சிக்கு முன்னால், இருவர் இருவராகப் பேசிப் பழகும் சிறிய பயிற்சி ஒன்றைச் சேர்த்தேன். அடுக்கி வைத்த மெத்தைகளை நினைத்துக்கொண்டேதான் அதை எழுதினேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு மெத்தை குறைந்தது. பன்னிரண்டாவது வாரம், தரையில் விரிக்கும் வழக்கமான மெத்தையைத் தவிர எதுவும் இல்லை. அன்று மகளும் என்னுடன் வந்திருந்தாள். "வேடிக்கை பார்க்கத்தான் வருகிறேன்" என்று சொல்லியிருந்தாள்.

மேலே ஏறி எழுந்து நின்றேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், அது இருந்தது. ஆனால், அதை வைத்துக்கொண்டே என்ன செய்ய வேண்டும் என்று என் பாதங்களுக்குத் தெரிந்திருந்தது. மறுமுனையைப் பார்த்தேன். பக்கவாட்டில் உரசி, மேலே வைத்து, எடையை மாற்றி, அடுத்த அடி. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதாவது அடியில் இடப்பக்கம் சாய்ந்தேன். முழங்காலை மடக்கினேன், கைகளை நீட்டினேன், போதவில்லை. விலகிக் குதித்தேன். இரு பாதங்களும் ஒன்றாக மெத்தையைத் தொட்டன.

"பத்து விநாடி, அம்மா!" என்று மகளின் குரல் கேட்டது.

போட்டி விதி அது. கட்டையிலிருந்து விழுந்தவருக்கு ஒரு புள்ளி கழியும். ஆனால், அதோடு அவருடைய ஆட்டம் முடிந்துவிடாது. மீண்டும் ஏறுவதற்குப் பத்து விநாடி அவகாசம் உண்டு. எனக்கு ஏற அதைவிடக் கூடுதலாகவே நேரமாயிற்று. மகள் வாய்விட்டு எண்ணுவதைப் பதினைந்துவரை கேட்டேன். பிறகு, விழுந்த இடத்திலிருந்து தொடங்கி மீதி ஐந்து அடிகளையும் நடந்து முடித்தேன்.

வீடு திரும்பும் இரயிலில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நிலையங்கள் கடந்த பின், "செவ்வாய்க்கிழமை எங்கள் பயிற்றுவிப்பாளரிடம் பேசப்போகிறேன். இந்த ஆண்டுப் போட்டி எனக்கு வேண்டாம். தாழ்ந்த கட்டையிலிருந்து மறுபடியும் தொடங்க முடியுமா என்று கேட்கப்போகிறேன்" என்றாள்.

"ஏன் போட்டி வேண்டாம்?" என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. அதை அங்கேயே நிறுத்திக்கொண்டேன். "சரி" என்றேன். "வந்து சொல், எப்படி இருந்தது என்று."

எங்கள் வரவேற்பறைத் தரையில் அந்த ஒட்டுநாடா இன்னும் இருக்கிறது. ஓரங்கள் கறுத்து, நடுவில் சற்றுக் கிழிந்துவிட்டது. துடைக்கும்போது அதை எடுத்துவிடலாமா என்று பலமுறை நினைப்பேன். ஆனால், காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் என் மகள் சமையலறைக்கு அந்தக் கோட்டின்மேல்தான் நடந்து போகிறாள். அவளுக்குப் பின்னால் நானும் அதன்மேல்தான் நடக்கிறேன்.